மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் படகில், கூட ஒரு நாய்: சாத்தியமா?

பாமணிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், வேலை சென்னையில். செப்டம்பரில் பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். பாமணி ஆற்றில் படகை இறக்கி, இரண்டு மூன்று நாளில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை போய்விட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து மனதில் கிடக்கிற ஆசை. கூட வரப்போவது மிளகு. நான்கு வயது கறுப்பு நாட்டு நாய், 18 கிலோ. குளத்தில் நன்றாக நீந்துவான், படகில் மட்டும் ஏறியதில்லை. படகு பழைய ஃபைபர் படகு, இரண்டு பேர் உட்காரலாம். இன்ஜின் கிடையாது, ஒரு துடுப்பு, ஒரு மூங்கில் கழி, அவ்வளவுதான். நம் ஆறுகளில் நாயோடு யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா? என்ன பார்க்க வேண்டும், எதில் ஏமாறுவேன் என்று சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்:
ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே தம்பி படகு. எங்கள் ஊர் வாய்க்காலில் போன வாரம் கணுக்கால் அளவுக்குக்கூட இல்லை. நீங்கள் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், நாய் முன்னால் வழிகாட்டும்.

வெற்றிலைக்கொடி:
அப்படிச் சொல்லாதீர்கள். 2016 தேசிய நீர்வழிச் சட்டத்தில் 111 நீர்வழிகள் இருக்கின்றன. அதில் காவிரி–கொள்ளிடமும் ஒன்று, எண் 55. சட்டப்படி பார்த்தால் நம் ஊரில் கப்பலே விடலாம். நேற்று அதே நீர்வழியில் நான்கு பையன்கள் நடு ஆற்றில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

தலைப்புமதகு:
தம்பி, நான் ஆற்றுப் பிரிவில் லஸ்கராக, அதாவது மதகு திறந்து மூடுகிற ஆளாக, இருந்து ஓய்வு பெற்றவன். கிண்டல் கிடக்கட்டும், விஷயத்தைச் சொல்கிறேன்.

டெல்டாவின் ஆறுகளைக் கேரளத்துக் காயல் மாதிரி நினைக்க வேண்டாம். காயல் தேங்கி நிற்கும் தண்ணீர். நம்முடையது பாசனத்துக்காக அளந்து விடுகிற தண்ணீர். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். கல்லணைக்கு வந்து சேரும் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று அங்கே பிரித்து விடுகிறார்கள். உங்கள் பாமணி ஆறு வெண்ணாற்றின் பிள்ளை. தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிந்த பிறகு, மிச்ச வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்கு வரும். அங்கேதான் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கதவணை. நாங்கள் சட்ரஸ் என்போம். அதற்குக் கீழே கிளை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் ஏறுவதற்காக ஆற்றின் குறுக்கே இன்னும் பல சட்ரஸ்.

இதில் ஒன்றில்கூடப் படகு போக வழி கிடையாது. அந்தக் காலத்தில் நாகப்பட்டினம்–வேதாரண்யம் கால்வாயில் உப்பு ஏற்றிப் படகு போனது உண்மை. அது அதற்கென்றே வெட்டியது. பாசன ஆறு அப்படி இல்லை.

முக்கியமான எச்சரிக்கை. ஷட்டரை மேலே தூக்கினால் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து போகும். மேல்பக்கம் பார்க்கக் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும், ஆனால் அடியில் இழுப்பு பயங்கரம். செத்த ஆடு, வாழைமரம், சாக்கு என்று என்ன வந்தாலும் கதவில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்களால் கயிறு போட்டும் எடுக்க முடிந்ததில்லை. நீந்துகிற நாய் அங்கே போனால் திரும்பாது. கீழ்ப்பக்கமோ தண்ணீர் கொதித்துப் புரளும், அடியில் கான்கிரீட் கட்டைகள். அதனால் சட்ரஸுக்கு நல்ல தூரத்திலேயே கரை ஏறிவிட வேண்டும். படகை வண்டியில் ஏற்றி, கீழே கொண்டுபோய், தண்ணீர் அடங்கிய இடத்தில் இறக்க வேண்டும்.

அப்புறம் முறை. தண்ணீர் குறைந்தால் இந்த ஆற்றுக்கு ஒரு வாரம், அந்த ஆற்றுக்கு ஒரு வாரம் என்று முறை வைப்பார்கள். ராத்திரி கரையில் கட்டிய படகு காலையில் சேற்றில் உட்கார்ந்திருக்கும். கிளம்புமுன் ஆற்றுப் பிரிவின் செக்ஷன் ஆபீஸில் சொல்லிவிட்டு, எந்த முறை நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். அனுமதி இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பாமணிக்கரை:
ஐயா, மிக்க நன்றி. சட்ரஸ் எத்தனை என்று நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் முழு வழியும் போகாமல், இரண்டு சட்ரஸுக்கு நடுவே இருக்கிற துண்டுகளை மட்டும் ஓட்டினால்?

தலைப்புமதகு:
அதுதான் புத்திசாலித்தனம். அதிலும் வடகிழக்குப் பருவமழை பிடிக்குமுன் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் மேலிருந்து வருகிற தண்ணீரும் வயல் வடிகால் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் ஆறு யார் பேச்சையும் கேட்காது.

சிப்பி_வளர்ப்பவன்:
ஆறு பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார், நாய் பற்றி நான் சொல்கிறேன். என்னிடம் இருப்பது சிப்பிப்பாறை. இரண்டு வருடம் முன்பு கும்பகோணத்துக்குக் கீழே அரசலாற்றில் ஒரு பரிசலில் அவளைக் கூட்டிப்போனேன். அரை மணி நேரம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு வளைவில் ஆகாயத்தாமரை கரையிலிருந்து பாதி ஆறு வரை படர்ந்து கிடந்தது. பச்சைப் பசேல் என்று, ஊதாப் பூவோடு, புல்வெளி மாதிரி. நடுவில் ஒரு கொக்கு நின்றது. பார்த்தவள் ஒரே தாவு.

தரை என்று நினைத்துவிட்டாள். பொத்தென்று உள்ளே போனாள், மேலே செடி மூடிக்கொண்டது. அந்தச் செடிக்குள் நாயால் நீந்த முடியாது, வேர் காலில் சுற்றும். எட்டிப் பிடிக்கப் போனால் பரிசல் சுற்றுகிறது. கழியால் செடியை விலக்கி, முதுகுப் பட்டையைப் பிடித்து இழுத்துப்போட அதிகம் போனால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அது ஒரு வருடம். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், முதுகில் கைப்பிடி உள்ள நாய் மிதவைச் சட்டை போட்டுவிட்டது. சிப்பிப்பாறை உடம்பில் கொழுப்பே கிடையாது, கல் மாதிரி அமிழும். சட்டை இல்லையென்றால் இந்தப் பதிவு இல்லை.

நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரும் அப்படித்தான். கரை என்று நம்பி ஒதுங்காதீர்கள், அடியில் ஆழம் இருக்கும், மேலே பாம்பு இருக்கும்.

கடைமடைக்காரன்:
ஆகாயத்தாமரையை எடுக்கச் சொல்லி நாங்கள் கத்தினால் யாரும் கேட்பதில்லை. நாய் விழுந்தால்தான் பேசுகிறீர்கள். சரி, நாய் பிழைத்ததில் மகிழ்ச்சி.

கால்நடைக்காரி:
ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவள். சிப்பி அண்ணன் சொன்ன சட்டை கட்டாயம், நன்றாக நீந்துகிற நாய்க்கும் சேர்த்துத்தான். களைத்துப்போன நாய் நீந்துவதை நிறுத்துகிறவரை நமக்குத் தெரியாது. ஆனால் சட்டையோடோ கழுத்துப் பட்டையோடோ நாயைப் படகில் கட்டிவைக்காதீர்கள். படகு கவிழ்ந்தால் நாயும் அடியில் மாட்டும். கயிறு வேண்டுமென்றால் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டுவிடும்படி.

எனக்குத் தண்ணீரைவிடப் பெரிய கவலை எலிக்காய்ச்சல். வயல் வரப்பெல்லாம் எலி வளை, அதன் மூத்திரம் கலந்த தண்ணீர்தான் வாய்க்காலுக்கு வருகிறது. நாய் அதைக் குடிக்கும், அதில் ஊறும், காலில் சிராய்ப்பு இருந்தால் அது வழியாகவும் கிருமி ஏறும். தடுப்பூசியில் எலிக்காய்ச்சலும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். முதல் முறை போடுவதானால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. போய்வந்த பிறகு காய்ச்சல், சாப்பிடாமை, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நாயிடமிருந்து உங்களுக்கும் தொற்றும்.

அப்புறம் வெயில். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் அந்த இரைப்பும் பலிக்காது. மிளகு கறுப்பு வேறு. காலை ஆறு மணிக்கு இறங்கி பத்துக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். ஃபைபர் தளம் வெயிலில் தோசைக்கல். கோரைப்பாயோ கோணிச்சாக்கோ நனைத்து விரியுங்கள், கால் சுடாது, வழுக்கவும் வழுக்காது.

தூண்டில் முள்ளை மறந்துவிட்டேன். கரையெல்லாம் கிடக்கும், மீன் வாசத்துக்கு நாய் விழுங்கிவிடும். வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், முள் உள்ளே கிழிக்கும். அப்படியே கூட்டி வாருங்கள். வழியில் சிக்கினால் கால்நடை ஆம்புலன்ஸ் 1962.

பாமணிக்கரை:
டாக்டர் மேடம், அட்டையைப் பார்த்தேன், வெறிநோய் ஊசி மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கே முதல் ஊசி. பயணத்தை செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். கடைசித் துண்டாக முத்துப்பேட்டைக்கு மட்டும் வண்டியில் போய், அங்கே படகு பிடித்து மிளகுக்கு அலையாத்தியைக் காட்டிவிடலாமா?

ஜாம்பவானோடை:
அலையாத்திக்குப் படகு கிளம்புவதே எங்கள் ஊரிலிருந்துதான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி வாங்கித்தான் மனிதர்களே போகிறோம்.

பாமணிக்கரை:
அண்ணே, அவன் குரைக்கக்கூட மாட்டான். படகை விட்டு இறக்க மாட்டேன். மீனவர் படகில் நாய் போவதை நானே பார்த்திருக்கிறேனே?

ஜாம்பவானோடை:
படகை விட்டு இறங்க மாட்டான் என்று அவன் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தானா? இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா. கரை என்று தெரிவது உளைச் சேறு, இடுப்பளவு இழுக்கும். அதில் ஈட்டி மாதிரி மூச்சுவேர்கள் நட்டுக்கொண்டு நிற்கும். வேரில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி, நாயின் பாதம் நாலு எட்டில் கிழியும். பிச்சாவரம் பக்கமும் எங்கள் பக்கமும் தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கண் எரிந்து பார்வையே போகலாம். நாய் உடம்பு அரித்தால் எங்கே போய்த் தேய்க்கும்? மரத்தில்தான். கடல் ஏறும் நேரம் தண்ணீர் உப்பு, குடித்தால் வாந்தி பேதி.

மீனவர் படகில் இருக்கிற நாய் அந்தத் துறையிலேயே பிறந்தது. அதுவும் காட்டுக்குள் இறங்குவதில்லை.

கால்நடைக்காரி:
அண்ணன் நாயின் பக்கம் சொன்னார், நான் காட்டின் பக்கமும் சொல்கிறேன். முத்துப்பேட்டையில் நரி இருக்கிறது, நீர்நாய் இருக்கிறது. நம் வீட்டு நாய் கொண்டுபோகும் டிஸ்டெம்பர் நோய் அவற்றுக்கும் தொற்றும். ஊசி போட்ட நாயாக இருந்தாலும் தரையில் கூடு வைக்கிற பறவைக்கு அது நாய்தான். கோடியக்கரை சரணாலயத்துக்கும் இதையே சொல்வேன்.

வெற்றிலைக்கொடி:
ஆக, அலையாத்தியில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது, அதற்கு நீரில் வாழ உரிமையும் இருக்கிறது. மிளகு தம்பி விருந்தாளிதான்.

பாமணிக்கரை:
சரி, தோற்றேன். அலையாத்தி எனக்கு மட்டும், தனியாக, அனுமதியோடு. மிளகுக்கு ஆறு மட்டும். பாமணியில் தண்ணீர் குறைந்தால் மாற்றாகக் கொள்ளிடத்தில் போகலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அகலம் நிறைய, சட்ரஸ் தொல்லையும் குறைவு.

அணைக்கரை_ஆள்:
நண்பரை மாற்றுங்கள். கொள்ளிடத்தில் முதலை இருக்கிறது. கதையில்லை, அணைக்கரைக்குக் கீழே மணல்திட்டில் வெயில் காய்வதை நாங்கள் பாலத்திலிருந்து பார்க்கிறோம். சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் ஆடு மாடு போயிருக்கிறது, மனிதர்களும் கடிபட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஓரம் குனிந்து குடிக்கிற நாய் முதலைக்கு வாழையிலையில் வைத்த சாப்பாடு. நாயை இறக்காமல் படகிலேயே வைத்தாலும் அது மூத்திரம் பெய்ய எங்காவது ஒதுங்கித்தானே ஆக வேண்டும்?

மணல் அள்ளிய பள்ளம் வேறு. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி இரண்டு ஆள் ஆழம். ஆடிப்பெருக்குக்கு வந்து ஆற்றோடு போனவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஊரில் கேளுங்கள்.

தலைப்புமதகு:
சரியாகச் சொன்னீர்கள். கொள்ளிடம் வெள்ளம் கொள்ளும் இடம். மேலே திறந்துவிட்டால் காலையில் மணலாக இருந்த இடத்தில் மத்தியானம் மரம் மிதந்து போகும். பாமணியோடு இருங்கள் தம்பி.

(மூன்று வாரம் கழித்து)

பாமணிக்கரை:
போய்வந்துவிட்டோம். இரண்டு காலை, இரண்டு துண்டு, மொத்தம் 11 கி.மீ. ஒரு விடுப்புக்கு 11 கி.மீ. என்ற கணக்கில் போனால் முத்துப்பேட்டை சேர இன்னும் இரண்டு விடுப்பு வேண்டும். ஆனால் ஆசை தீர்ந்தது போலவும் இருக்கிறது, கூடினது போலவும் இருக்கிறது.

முதலில் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்த அன்றே படகை முற்றத்தில் இறக்கி, உள்ளே கோரைப்பாய் விரித்து, மிளகுவின் சோற்றுத் தட்டை அதில் வைத்தேன். முதல் நாள் தட்டை முகர்ந்துவிட்டு வெளியில் நின்றே அழுதான். இரண்டாம் நாள் முன்னங்கால் மட்டும் உள்ளே. நான்காம் நாள் தானே ஏறிப் படுத்தான். பிறகு அவன் உள்ளே இருக்கும்போது படகை மெல்ல ஆட்டினேன், ஆட்டம் நின்றால் ஒரு துண்டு கருவாடு. குளத்தில் இறக்கியபோது வந்த சிக்கல் வேறு: மீன் துள்ளினால் அந்தப் பக்கம் ஓடுகிறான். 18 கிலோ ஒரு பக்கம் போனால் சின்னப் படகு எப்படிச் சாயும் என்று அன்று தெரிந்தது. என் இரண்டு காலுக்கு நடுவில், தளத்தோடு தளமாக உட்கார வைத்துப் பழக்கினேன். தண்ணீரிலிருந்து தூக்கவும் ஒத்திகை பார்த்தோம். பக்கவாட்டில் நின்று தூக்கினால் படகு கவிழ்கிறது. கூட வந்த என் தம்பி எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ள, நான் சட்டைக் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பில் ஏற்ற வேண்டும்.

செக்ஷன் ஆபீஸில் சொன்னோம். மேலும் கீழும் பார்த்துவிட்டு, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதே, சட்ரஸ் பக்கம் போகாதே என்றார்கள். லஸ்கர் ஒருவர் மட்டும், “நாய்க்கு லைசன்ஸ் இருக்கா?” என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை புரியவில்லை.

ஆறு மணிக்கு இறங்கினோம். முதல் ஒரு மணி நேரம் நான் கற்பனை செய்த மாதிரியே இருந்தது. பனிபோல் ஒரு புகை, மூங்கில் கொல்லை, மீன்கொத்தி, கரையில் பல் தேய்த்துக்கொண்டு நம்மைப் பார்க்கிற ஆட்கள். இங்கே யாரும் சொல்லாத தொல்லை ஒன்று அப்போதுதான் வந்தது: கரை நாய்கள். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நாலைந்து நாய்கள் கரையோடு ஓடிவந்து குரைக்கும். அடுத்த ஊர் எல்லை வந்ததும் அவை நின்றுவிடும், அந்த ஊர் நாய்கள் பொறுப்பேற்றுக்கொள்ளும். 5 கி.மீ. தூரமும் இதே தொடர் ஓட்டம். குரைக்கவே மாட்டான் என்று ஜாம்பவானோடை அண்ணனிடம் சொன்னேனே, அந்த மிளகு தொண்டை கட்டும்வரை பதில் சொன்னான். படித்துறை எதிலும் ஒதுங்க முடியவில்லை, ஆட்கள் குளிக்கிறார்கள், நாய்கள் காத்திருக்கின்றன. மூத்திரத்துக்கு ஊர் தாண்டி, ஆள் இல்லாத திடல் பார்த்துத்தான் இறங்கினோம்.

ஆகாயத்தாமரை இரண்டு இடத்தில் வந்தது. சிப்பி அண்ணே, அவன் உடம்பு முறுக்கேறுவது என் முட்டியில் தெரிந்தது. கைப்பிடியை விடவே இல்லை.

ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் கடைசியில், சட்ரஸ் இன்னும் கண்ணில் படவில்லை, எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மிளகு திடீரென்று குரைப்பை நிறுத்தி, காதை மடக்கி, பாயில் ஒட்டிப் படுத்து முனக ஆரம்பித்தான். இன்னும் அரைக் கிலோமீட்டர் இருக்கும் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்க, வளைவில் பாலம் தெரிந்தது. நாங்கள் வைத்திருந்த கணக்கு தப்பு. தண்ணீரோ நீங்கள் சொன்ன அதே கண்ணாடி அமைதி. உடனே கழியை ஊன்றிக் கரை ஏறிவிட்டோம். அங்கிருந்து ஒரு குட்டியானை வண்டி பிடித்துப் படகை ஏற்றினோம். டிரைவர் நாய்க்குத் தனி வாடகை கேட்டார், கொடுக்கவில்லை.

மறுநாள் ஆற்றில் தண்ணீர் முக்கால் அடி குறைந்திருந்தது. பாதித் தூரம் நான் இறங்கித் தள்ள, மிளகு மட்டும் உட்கார்ந்து வந்தான்.

தலைப்புமதகு:
ஷட்டர் அதிர்வு தண்ணீரில் முன்னாலேயே வரும். நாங்கள் ராத்திரி காவலில் அதை வைத்தே எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று சொல்வோம். உங்கள் நாய்க்கு அது படகின் தளத்தில் தெரிந்திருக்கும். நல்ல பிள்ளை.

கால்நடைக்காரி:
உண்ணி பார்த்தீர்களா? காது மடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில். இரண்டாவது ஊசித் தேதியை மறக்காதீர்கள்.

கடைமடைக்காரன்:
நாயை உள்ளே வைத்துப் படகைத் தள்ளிக்கொண்டு போனீர்களா. நான் முதல் பதிவிலேயே சொன்னேன்.

பாமணிக்கரை:
அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒன்றுதான் தப்பு, முன்னால் வழிகாட்டியது நான். மேடம், விரலிடுக்கில் இரண்டு உண்ணி இருந்தது, எடுத்தாயிற்று. நாளை சென்னை கிளம்புகிறேன், மிளகு ஊரிலேயே இருப்பான். இப்போதைய பிரச்சினை, படகு முற்றத்தில் கிடக்கிறது, அவன் அதை விட்டு இறங்க மறுக்கிறான். குறுவை அறுவடை வந்துவிட்டது, நெல் காயப்போட இடமில்லை என்று அம்மா இரண்டு நாளாகச் சத்தம் போடுகிறார். மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் ஒரு படகு வைக்கக் கொட்டகை இருந்தால் யாராவது சொல்லுங்கள். நாயும் சேர்ந்து வந்தால் பரவாயில்லை என்பவராக இருக்க வேண்டும்.